மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்ட் குளிசை: வன்னியில் வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்கான முழுமையான வழிகாட்டி

காசநோயால் வந்த மூளைக்காய்ச்சல், உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் மூளையழற்சி, மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கம். இவற்றில் ஒன்றுக்காக வைத்தியசாலை விடுதியில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறவருக்குப் பெரும்பாலும் டெக்சாமெதசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்ட் குளிசை எழுதப்பட்டிருக்கும். இந்த வழிகாட்டி அந்தக் குளிசையை வீட்டில் கொடுக்கப்போகிற தாய்க்கும் மகனுக்கும் மருமகளுக்கும் உரியது.

அளவைத் தீர்மானிப்பவர் வைத்தியர். அதை இங்கே தேட வேண்டாம். அவர் எழுதிய அளவு, எழுதிய நாளில், எழுதிய ஒழுங்கில் நோயாளியின் வயிற்றுக்குள் போய்ச் சேருவதற்கு வீட்டில் செய்யவேண்டியவையே இங்கே இருக்கின்றன. குடும்பங்கள் இடறுவது அக்கறை இல்லாமல் அல்ல. எதை முதலில் செய்வது, எதை எப்போது நிறுத்துவது என்ற ஒழுங்கை யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காததால்தான்.

1. இந்தக் குளிசை உள்ளே என்ன செய்கிறது

மூளையின் இரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுக்கமாகப் பிணைந்திருக்கின்றன. பெரும்பாலான மருந்துகள் அந்தச் சுவரைத் தாண்டுவதில்லை. ஸ்டீராய்ட் கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் தாண்டுகிறது. ஆனால் அந்தச் சுவரிலேயே உள்ள ஒருவகைப் பம்பு அதில் ஒரு பகுதியை மீண்டும் இரத்தத்துக்குள் தள்ளிவிடுகிறது. மூளைக்கு எழுதும் அளவு மூட்டு நோவுக்கு எழுதுவதைவிட அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். “இவ்வளவு குளிசையா?” என்று பயந்து பாதியைக் குறைக்காதீர்கள்.

உள்ளே போன மருந்து உயிரணுவுக்குள் நுழைந்து, அதன் கருவுக்குள் சென்று, அழற்சியைத் தூண்டும் பொருட்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. கசியும் குழாய்ச் சுவர் மீண்டும் இறுகுகிறது. இதற்கு மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் நேரம் பிடிக்கும். பனடோல் போல அரை மணியில் தலையிடி குறையும் என்று எதிர்பார்த்து, குறையவில்லை என்று இன்னொரு குளிசை கொடுப்பது பிழை.

2. விடுதியை விட்டு வெளியேறும் முன் கேட்டுப் பெறவேண்டியவை

வீட்டுக்கு வந்தபின் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். மல்லாவியிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒரு கேள்விக்காக மறுபடி கிளிநொச்சிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போவதென்றால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய்விடும். மருந்து விவரம் எழுதிய அட்டையைக் கையில் தரும்போதே நின்று இவற்றைக் கேளுங்கள்:

மருந்தின் பெயர், ஒரு குளிசையில் எத்தனை மில்லிகிராம், ஒரு நாளுக்கு மொத்தம் எத்தனை மில்லிகிராம், எந்தத் திகதியிலிருந்து எவ்வளவு குறைப்பது, கடைசிக் குளிசை எந்தத் திகதி, இரவில் வாந்தி வந்தால் எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பது.

குறைக்கும் ஒழுங்கு அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே வாசித்துப் பாருங்கள். “குறைத்து நிறுத்தவும்” என்று மட்டும் இருந்தால் அது போதாது. திகதியோடு எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். தாதியரோ வைத்தியரோ மறுக்கமாட்டார்கள். வேலை நெருக்கத்தில் விடுபட்டிருக்கும்.

3. சொல்லாமல் விடக்கூடாத நான்கு விடயங்கள்

இவற்றை வைத்தியர் கேட்டிருப்பார். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

முதலாவது, வயல் வேலை. வெறுங்காலுடன் சேற்றில் நிற்கிறவரின் குடலில் ஸ்ட்ரோஞ்சிலோய்டிஸ் என்ற புழு எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். ஸ்டீராய்ட் உடலின் எதிர்ப்பைத் தாழ்த்தியதும் அது பெருகி, நுரையீரல் உட்பட உடல் முழுவதும் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். நோயாளி கமக்காரர் என்றால் அதைச் சொல்லுங்கள். தேவையென்றால் புழு மருந்தை முன்கூட்டியே கொடுப்பார்கள். கடையில் வாங்கிய சாதாரணப் பூச்சிக் குளிசை ஒன்று போதும் என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டாவது, நீரிழிவு. நோயாளிக்கு மட்டுமல்ல, பெற்றோருக்கோ சகோதரருக்கோ இருந்தாலும் சொல்லுங்கள். மூன்றாவது, முன்பு வயிற்றுப் புண் அல்லது கறுப்பு மலம். நான்காவது, வீட்டிலோ அயலிலோ நாட்பட்ட இருமலுள்ள ஒருவர்.

சிறு பிள்ளை என்றால் இன்னொன்றும் உண்டு. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளை ஸ்டீராய்ட் எடுக்கும் காலத்தில் தள்ளிப்போட வேண்டியிருக்கலாம். சின்னமுத்துத் தடுப்பூசியும் ஜப்பானிய மூளையழற்சித் தடுப்பூசியும் அந்த வகை. குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் அட்டையோடு மருந்துத் துண்டையும் காட்டுங்கள்.

4. மில்லிகிராமைக் குளிசை எண்ணிக்கையாக மாற்றுங்கள்

ஒரே மருந்து வெவ்வேறு பலத்தில் வரும். டெக்சாமெதசோன் 0.5 மில்லிகிராமிலும் 4 மில்லிகிராமிலும் உண்டு. 4 மில்லிகிராம் கொடுக்கவேண்டும் என்றால் முதலாவதில் எட்டுக் குளிசை, இரண்டாவதில் ஒன்று. வைத்தியசாலையில் தந்தது முடிந்து தனியார் மருந்தகத்தில் வாங்கும்போது பலம் மாறினால், பழைய எண்ணிக்கையிலேயே தொடர்கிறவர் எட்டு மடங்கு கொடுத்துவிடுவார். எதிர்ப்பக்கம் மாறினால் எட்டில் ஒரு பங்குதான் உள்ளே போகும். நோயாளி மயக்க நிலைக்குத் திரும்பக்கூடும்.

ஆகவே புதிய உறை கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் பலத்தைக் கேட்டு உறையின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். பழைய உறையில் மிச்சமுள்ள குளிசைகளைப் புதியதில் கொட்டிக் கலக்க வேண்டாம்.

டெக்சாமெதசோன் கிடைக்கவில்லை, பிரெட்னிசோலோன் இருக்கிறது என்று யாராவது சொன்னால் வைத்தியரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். 0.75 மில்லிகிராம் டெக்சாமெதசோன் ஏறத்தாழ 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றினால் கணக்கு முழுவதும் குழம்பிவிடும்.

5. நாட்காட்டி: முழு வேலையும் இதில்தான் தங்கியிருக்கிறது

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மாதம் முழுவதும் ஒரே தாளில் தெரிகிற சுவர் நாட்காட்டி ஒன்று தேவை. தினமும் கிழிக்கும் கலண்டர் உதவாது. நேற்றைய கணக்கு குப்பைக்குப் போய்விடும். அப்படி நாட்காட்டி இல்லையென்றால் பிள்ளையின் சதுரக் கோட்டுக் கொப்பியில் கட்டம் போட்டாலும் சரி.

ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். இது கணக்குப் பழகுவதற்கு மட்டும். உங்கள் நோயாளியின் அளவு அல்ல. துண்டில் இப்படி இருக்கிறது: “பிரெட்னிசோலோன் நாளுக்கு 40 மில்லிகிராம், 7 நாள். பின்னர் வாரம் 5 மில்லிகிராம் வீதம் குறைக்கவும்.” கையிலிருப்பது 5 மில்லிகிராம் குளிசை. முதல் வாரம் நாளுக்கு 8 குளிசை, இரண்டாம் வாரம் 7, பிறகு 6, 5, 4, 3, 2, எட்டாம் வாரம் 1.

இந்த ஒரு வரியை மூன்று விதமாகப் பிழையாக வாசிப்பார்கள். “5 குறைக்கவும்” என்பதை ஐந்து குளிசை என்று எடுத்து, எட்டிலிருந்து நேரே மூன்றுக்கு வருவது ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை என்பதை நாளுக்கு ஒருமுறை என்று எடுத்து, மீதி ஏழு வாரத்தை ஏழே நாளில் முடிப்பது இன்னொன்று. மூன்றாவது, உறை காலியானதும் மருந்து முடிந்தது என்று நினைப்பது. இதுவே அதிகம் நடக்கிறது, இதுவே அதிகம் கெடுக்கிறது.

இவை மூன்றையும் ஒரே வேலையால் தடுக்கலாம். முதல் நாளே எல்லாத் திகதிக் கட்டங்களிலும் அந்த நாளுக்குரிய எண்ணிக்கையை எழுதுங்கள்: 8, 8, 8 என்று ஏழு நாள், அடுத்து 7, 7, 7. எண்ணிக்கை மாறும் நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். கொடுத்து முடித்ததும் அந்த எண்ணை வெட்டிவிடுங்கள். வெட்டுவதற்கு ஒருவரே பொறுப்பாக இருக்கட்டும். இரண்டு பேர் கொடுக்கும் வீட்டில் சில நாள் இரண்டு முறை போகும், சில நாள் ஒருமுறைகூடப் போகாது.

இனிக் கையிருப்பு. மேலுள்ள மாதிரியில் முதல் நான்கு வாரத்துக்கு 182 குளிசை, அடுத்த நான்கு வாரத்துக்கு 70, மொத்தம் 252. உறையில் உள்ளதை எண்ணிப் பார்த்து, எந்தத் திகதி வரை போகும் என்று நாட்காட்டியில் குறியுங்கள். அந்தத் திகதி அடுத்த கிளினிக்குக்கு முன்னதாக வந்தால், முடியும்வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே போய் மிகுதியை எடுங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் குளங்கள் வான் பாய்ந்து உள்வீதிகள் மூடும் இடங்களில் இருப்பவர்கள் இதை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யவேண்டும். அந்த மாதங்களில் மேலதிக நாட்களுக்குத் தரும்படி கிளினிக்கில் காரணம் சொல்லிக் கேளுங்கள்.

தகரக் கூரைக்குக் கீழே உயரத் தட்டிலும் அடுப்பருகிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் குளிசையை வைக்க வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் அந்த இடங்கள் கொதிக்கும். மூடியுள்ள டப்பாவில், வீட்டின் குளிர்ச்சியான மூலையில், பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள்.

6. எப்போது கொடுப்பது

காலைச் சாப்பாடு முடிந்தவுடன். உடல் இயல்பாகச் சுரக்கும் இதே வகைப் பொருளும் காலையில்தான் உச்சத்தில் இருக்கிறது. நாளுக்கு இரண்டு தடவை என்று எழுதியிருந்தால், வைத்தியர் வேறு நேரம் குறித்திராவிட்டால், இரண்டாவதைப் பகல் உணவோடு முடித்துவிட முடியுமா என்று கேளுங்கள். மாலையில் கொடுத்தால் இரவு முழுவதும் விழித்திருப்பார். வீட்டில் மற்றவர்களுக்கும் தூக்கம் போய்விடும்.

வெறும் பிளேன்ரீயோடு கொடுப்பது போதாது. இரண்டு இடியப்பமோ கொஞ்சம் புட்டோ வயிற்றில் இருக்கவேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் தந்திருந்தால் அது மட்டும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாக.

கிளினிக் நாளில் பலர் தடுமாறுகிறார்கள். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் ஸ்டீராய்டையும் விட்டுவிடுகிறார்கள். வரிசையில் நின்று, துண்டு எடுத்து, பஸ் பிடித்து வீடு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். குளிசையையும் ஒரு பணிஸையும் பையில் கொண்டுபோங்கள். இரத்தம் எடுத்ததும் அங்கேயே சாப்பிட வைத்துக் கொடுங்கள்.

காலையில் மறந்துவிட்டீர்களா? அன்று பகலுக்குள் நினைவு வந்தால் சாப்பாட்டோடு கொடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்ததென்றால் இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் தவறிவிட்டால், எங்கிருந்து தொடங்குவது என்பதை விடுதியிலோ கிளினிக்கிலோ கேட்டுத் தொடருங்கள்.

7. மூக்குவழிக் குழாயில் கொடுப்பவர்களுக்கு

தலைப்பக்கத்தை உயர்த்தி, குழாய் முன்பு குறித்த இடத்திலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் எதையும் உள்ளே விட வேண்டாம். முதலில் கொதித்தாறிய நீர் விட்டுக் குழாயைக் கழுவி, குளிசையை மாவாக அரைத்து நீரில் கரைத்துக் கொடுத்து, மீண்டும் நீர் விடுங்கள். மற்ற மருந்துகளை இதனோடு சேர்த்துக் கரைக்காமல் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். சேர்த்தால் குழாய் அடைக்கும்.

வயிற்றில் கரையாதபடி மேற்பூச்சுப் போட்ட பிரெட்னிசோலோனும் உண்டு. அதை அரைக்கக்கூடாது. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று மருந்தாளரைக் கேளுங்கள். வலிப்புக்குரிய பெனிட்டோயினைக் குழாய் உணவோடு சேர்த்துக் கொடுத்தால் அது உடலில் சரியாகச் சேராது. எவ்வளவு இடைவெளி விடுவது என்றும் கேட்டு எழுதுங்கள்.

8. சேரும் மருந்து, சேராத மருந்து

காசநோய்க்குரிய ரிபாம்பிசின், வலிப்புக்குரிய பெனிட்டோயின், கார்பமசெபைன், பினோபார்பிட்டோன் ஆகியவை ஈரலைத் தூண்டி ஸ்டீராய்டை விரைவாக வெளியேற்றச் செய்கின்றன. இவை சேர்ந்து எழுதப்படுவது தவறல்ல. மூளை நோயாளிக்குப் பல வேளை இரண்டும் வேண்டும். வைத்தியர் அதைக் கணக்கில் எடுத்துத்தான் அளவு எழுதுகிறார். ஆபத்து எங்கே என்றால், வேறொரு கிளினிக்கில் இவற்றில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும். எல்லாக் கிளினிக் கொப்பிகளையும் ஒரே பையில் வைத்து, எங்கு போனாலும் எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள்.

டைக்ளோபெனக், ஐபுப்ரோபென் போன்ற நோவுக் குளிசைகள் ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. முதுகு நோவு என்று கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். நாட்டு மருந்துகளில் அதிமதுரத்தைக் குறிப்பாகத் தவிருங்கள்; அது ஸ்டீராய்டின் வேலையைக் கூட்டி, இரத்த அழுத்தத்தை ஏற்றி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கிறது. மஞ்சள் கறியில் இருப்பதால் கேடில்லை. ஆனால் அழற்சிக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, குளிசைக்குப் பதிலாக மஞ்சள் பால் கொடுத்து நிறுத்துவது பேராபத்து. குடித்த மஞ்சளின் சத்து இரத்தத்தில் சேருவதே மிகக் குறைவு. மூளைக்குப் போவது இன்னும் குறைவு.

9. நாள்தோறும் பார்க்கவேண்டியவை

சீனி: காலையில் கொடுக்கும் ஸ்டீராய்ட் பிற்பகலிலும் மாலையிலும்தான் இரத்தச் சீனியை ஏற்றும். காலை வெறும் வயிற்றுப் பரிசோதனை சரியாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். குளுக்கோமீட்டர் உள்ள வீட்டில் பகல் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். இல்லாத வீட்டில் அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்றால் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போய்ச் சோதியுங்கள். பசி கூடும் என்பதால் கேட்டபோதெல்லாம் இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பது சீனியை இன்னும் ஏற்றும். அவித்த கச்சானோ பயறோ கொடுக்கலாம்.

காய்ச்சல்: ஸ்டீராய்ட் காய்ச்சலை மறைக்கும். சாதாரணமாக 102 பாகை அடிக்கவேண்டிய தொற்று இலேசான சூடாகவே தெரியலாம். ஆகவே சிறு காய்ச்சலையும் பெரிதாக எடுங்கள். அம்மாள் வருத்தம் என்று சொல்லும் கொப்புளிப்பான் அயலில் வந்தால் நோயாளியை அந்தப் பக்கம் விடாதீர்கள். அருகில் இருந்துவிட்டார் என்றால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே சொல்லுங்கள்.

மனநிலை: தூக்கமின்மை, ஓயாத பேச்சு, திடீர்க் கோபம், காரணமில்லா அழுகை, இல்லாததைக் காண்பது. இவை மருந்தினால் வரலாம், மூளை நோயினாலும் வரலாம். கண்ணூறு என்றோ வேறேதோ என்றோ எண்ணிக் கோயிலில் நேர்த்தி வைப்பவர்களை நான் குறைசொல்லமாட்டேன். அதே நாளில் வைத்தியருக்கும் சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அளவை மாற்றினால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

வாயில் வெள்ளைப் படை, தொடையில் பலமின்றிக் கதிரையிலிருந்து எழச் சிரமம், முகம் ஊதுதல் ஆகியவற்றை அடுத்த கிளினிக்கில் சொல்லலாம். முகம் ஊதுகிறது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து குறையக் குறைய அது வற்றிவிடும்.

கறுப்பு மலம், இரத்த வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், திரும்பத் திரும்ப வாந்தி என்றால் 1990 அம்புலன்சை உடனே அழையுங்கள். குளிசை வயிற்றில் நிற்காதவருக்கு அந்த மருந்தை ஊசியாக ஏற்றவேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது.

10. குறையும் வாரங்கள்

சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகள், வெளியிலிருந்து ஸ்டீராய்ட் வரும்போது தம் வேலையை நிறுத்திக்கொள்கின்றன. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவருக்கு அவை விழித்தெழ நேரம் வேண்டும். உடல் இயல்பாகச் சுரப்பது ஏறத்தாழ நாளுக்கு 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். 40இலிருந்து 35க்கு வருவதை உடல் பெரிதாக உணராது. 5இலிருந்து ஒன்றுமில்லாத நிலைக்கு வருவதை உணரும். “இனி ஒரு குளிசைதானே, விட்டால் என்ன?” என்று கேட்கும் அந்தக் கடைசி வாரம்தான் அதிக கவனம் வேண்டிய வாரம்.

இந்தக் காலத்தில் இரண்டு விதமான தொல்லைகள் வரும். இரண்டையும் பிரித்தறியப் பழகுங்கள். உடம்பு நோவு, சோர்வு, மூட்டுக் குடைச்சல், பசியின்மை ஆகியவை குறைப்பதன் விளைவாக இருக்கலாம். கிளினிக்குக்கு அறிவித்து, குறைக்கும் வேகத்தை மாற்றவேண்டுமா என்று கேளுங்கள். காலையில் எழும்போதே கடும் தலையிடி, வாந்தி, பொருட்கள் இரட்டையாகத் தெரிதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் என்றால் மூளை வீக்கம் திரும்புகிறது என்று எடுத்து அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். எந்த அளவில் தொல்லை தொடங்கியது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் வைத்தியர் அறிந்துகொள்வார்.

நிற்க எழுந்தால் தலைசுற்றி விழுதல், வயிற்று நோவு, வாந்தி, குளிர்ந்த வியர்வை ஆகியவை சேர்ந்து வந்தால் சுரப்பி ஈடுகொடுக்கவில்லை என்பதற்கான அடையாளம். இதுவும் அம்புலன்சுக்குரியது.

11. கடைசிக் குளிசைக்குப் பிறகு

காசநோய் மூளைக்காய்ச்சலுக்கு ஸ்டீராய்ட் வழக்கமாக 6 முதல் 8 வாரத்தில் முடியும். காசநோய்க் குளிசைகள் ஏறத்தாழ ஓராண்டு தொடரும். இரண்டையும் ஒன்றாக நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. ஸ்டீராய்ட் வீக்கத்தைத்தான் அடக்கியது, கிருமி இன்னும் உள்ளே இருக்கிறது. வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்து 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், காசநோய் மருந்தோடு டெக்சாமெதசோன் சேர்த்தபோது இறப்பு குறைந்தது. உயிர் காத்தது இரண்டும் சேர்ந்த சிகிச்சை.

ஸ்டீராய்ட் முடிந்து ஓராண்டு வரை, பல் பிடுங்கப் போனாலும் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் விபத்தில் சிக்கினாலும் பாம்பு கடித்தாலும், “இவர் இந்த மாதம் வரை ஸ்டீராய்ட் எடுத்தவர்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதிர்ச்சியின்போது உடலுக்கு மேலதிக ஸ்டீராய்ட் தேவைப்படும். சுரப்பி அதற்கு ஈடுகொடுக்காமல் போகலாம். மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய திகதி, முடித்த திகதி ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி, அடையாள அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

மிஞ்சிய குளிசைகளை வீட்டில் வைக்க வேண்டாம். அயலில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் விழுந்து தலை அடிபட்டால், “மூளை வீக்கத்துக்கு நல்ல மருந்து இருக்கிறது” என்று யாரோ எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்ட் கொடுத்தபோது இறப்பு கூடியது. மூளை மலேரியாவிலும் டெக்சாமெதசோன் கெடுதலே செய்தது. எந்த வீக்கத்துக்கு இது பொருந்தும் என்பதைப் பரிசோதனை பார்த்துத்தான் சொல்லமுடியும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது மிச்சத்தை உறையோடு கொண்டுபோய் மருந்துகள் வழங்குமிடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.